இடது கைக் கோப்பை

வலது தோளைத் தூக்கினால் நிதாலுக்கு உயிர் போனது. தூக்காமல் வைத்திருந்தால் பாதி உயிர் போனது. புகைப்படப் பெட்டி, ஸ்லைடு பெட்டி, கண்ணாடி நெகடிவ் பெட்டி என்று வருஷக்கணக்கில் சுமந்த தோள். பாக்தாத்துக்கு வெளியே செங்கல் சூளையில் மண் சுமந்த அவள் அம்மாவுக்கும் இதே தோள்தான் முதலில் போனது. அம்மாவுக்குத் திட்டுவதற்கு ஒரு சூளை முதலாளி இருந்தான். நிதாலுக்கு அந்த வசதியும் இல்லை. அம்மான் நகரத்து லுவைப்தா மேட்டில், ஈராக் ஓவியங்களுக்கும் புகைப்படங்களுக்குமான அந்தச் சின்ன ஆவணகத்துக்கு முதலாளி அவளேதான்.

"ஆலிவ் எண்ணெய் போட்டுத் தேய்ங்கக்கா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றான் சர்மத், பழைய கியா காரை இறக்கத்தில் விட்டபடி.

"எண்ணெய் நீ வாங்கித் தர்றியா?"

"நான் மோசூல்காரன், கஞ்சத்தனத்துக்குப் பேர்போன ஊரு. யோசனைதான் இலவசம். எண்ணெய் உங்க வீட்டோடது."

சர்மத்துக்கு நாற்பது தாண்டிவிட்டது. மோசூலில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். ஊரில் கல்யாணங்கள் நின்றுபோனதும் அம்மானுக்கு வந்தான். ஆவணகத்தில் ஸ்கேன் எடுப்பான், கார் ஓட்டுவான், வாயைத் திறக்கக்கூடாத இடத்தில் சரியாகத் திறப்பான்.

பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்ட பிறகு, ஈராக் ஓவியங்கள் அம்மான் வழியாகத்தான் உலகத்துக்குப் போயின. காணாமல் போன படங்களைவிடக் கண்டுபிடிக்கப்பட்ட படங்கள் அதிகமாக இருந்தன. அதில் எது நிஜம், எது போலி என்று சொல்வதற்கு நிதாலிடம் வந்தார்கள். மூல ஓவியர்களின் பழைய ஸ்லைடுகள் அவளிடம் இருந்தன. அதைவிட முக்கியமாக, அவளுடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது. கடைவீதியில் அவளுக்குப் ‘படங்களோட போலீஸ்’ என்று பெயர்.

இன்றைக்கு அவள் போவது அபூ தலால் என்ற சிமெண்டு வியாபாரியின் வீட்டுக்கு. மறைந்த ஓவியர் ஹாஸிம் ஷத்ரி வரைந்த ‘விருந்தினர் மண்டபம்’ ஓவியத்தை, மாஜித் என்ற தரகர் அவருக்கு விற்றிருந்தார். போரில் தொலைந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த படம். இது மூலப் படம்தான் என்று நிதால் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். காகிதம் அவள் பைக்குள் தயாராக இருந்தது.

"இதே படம் ரெண்டாவது தடவையா வருதுல்ல?" என்றான் சர்மத். "முதல்ல அந்த மீன்கடைக்காரர் ஃபாலிஹ் கொண்டு வந்தாரே."

"அது போலி."

"போலின்னு நீங்க முத்திரை குத்தின சத்தம் எனக்கு மாடிப்படி வரைக்கும் கேட்டுச்சு. குத்தின கையாச்சே, வலிக்காம என்ன செய்யும்?"

"ரோட்டப் பார்த்து ஓட்டு."

சர்மத் ரவுண்டானாவில் ராபியா பக்கம் திரும்பப் போனான். "இந்தப் பக்கம் வேண்டாம், சுத்திப் போ" என்றாள். அவன் சுற்றிப் போனான். அந்தத் தெருவில்தான் ஃபாலிஹ் மீன் வாட்டிப் பரிமாறும் கடை. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் இப்படித்தான் சுற்றிப் போனார்கள். சரியான தீர்ப்புச் சொன்னவள் எதற்காக ஒரு தெருவைக் கண்டு ஒதுங்க வேண்டும் என்று நிதால் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் தோள் வலித்தது. அது ஒரு விதத்தில் வசதியாகவும் இருந்தது.

*

அபூ தலாலின் விருந்தினர் கூடம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் அளவுக்கு இருந்தது. சுவரோரம் நெடுக மெத்தைகள். நடுச்சுவரில் படம்.

நாணலால் கட்டிய பெரிய மண்டபம். நிலப்பிரபு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரில் ஒல்லியான ஒருவன் நின்று, வலது கையில் காப்பிக் கூஜாவைப் பிடித்துக்கொண்டு இடது கையால் கோப்பையை நீட்டுகிறான். கூரையின் நாணல் வளைவில் ஒரு மெல்லிய விரிசல், மயிரிழை போல, வளைந்து இறங்குகிறது.

இந்தப் படத்தைப் பற்றி நிதால் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அந்தக் கட்டுரைதான் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அரபு வீட்டில் இடது கையால் கோப்பை நீட்டுவது அவமதிப்பு. அடிமை தன் எஜமானை அவமதிக்கும் அந்த ஒரு கணத்தைத்தான் ஓவியர் வரைந்தார் என்று எழுதினாள். கூரை விரிசல், சரியப்போகும் நிலவுடைமையின் முன்னறிவிப்பு என்று எழுதினாள். கட்டுரையை மூன்று பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்தார்கள். படத்தின் பெயரே மாறி, ‘இடது கைக் கோப்பை’ என்று ஆகிவிட்டது.

சர்மத் கையடக்கக் கணினியில் ஆவணகத்தின் ஸ்லைடு படத்தைப் பெரிதாக்கி, ஓவியத்தின் பக்கத்தில் பிடித்தான்.

"கூஜா மூக்கு?"

"அப்படியே இருக்கு."

"நிலப்பிரபு தலைக்கட்டு மடிப்பு?"

"இருக்கு."

"விரிசல்?"

"வளைவு உட்பட. அக்கா, என் கல்யாண ஃபோட்டோவுல இருக்கிறவன்கூட என்ன மாதிரி இவ்வளவு இல்ல."

படத்தை இறக்கிப் பின்பக்கம் பார்த்தாள். பழைய கித்தான், துருப்பிடித்த ஆணி, ஹாஸிம் ஷத்ரியின் கையெழுத்து. அந்தக் காலத்தில் அவர் முன்பக்கம் கையெழுத்துப் போடுவதில்லை, பின்னால்தான் போடுவார். எல்லாம் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லாததுதான் தொண்டையில் மீன்முள் மாதிரி உறுத்தியது.

"உக்காருங்கம்மா, முதல்ல காப்பி" என்றார் அபூ தலால்.

காப்பி ஊற்றுகிறவர் வந்தார். இடது கையில் கூஜா, வலது கையில் கோப்பை. ஒரு மடக்கு ஊற்றி நீட்டினார். நிதால் இடது கையை நீட்டினாள்.

கோப்பை நகரவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அப்படியே நின்றார்.

மெத்தை மூலையில் சாய்ந்திருந்த அபூ தலாலின் சித்தப்பா கேட்டார்: "வலது கைய எங்க அடகு வெச்ச மகளே?"

"தோள் தூக்க முடியல சித்தப்பா, மன்னிக்கணும்."

"நான் மன்னிச்சிடுவேன். கோப்பை மன்னிக்கணுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். காப்பி ஊற்றுகிறவர் மட்டும் சிரிக்கவும் இல்லை, அசையவும் இல்லை. நிதால் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையால் வாங்கினாள். அவர் உடனே கோப்பையை விட்டார். ஏலக்காய் மணந்த கசப்பு தொண்டையில் இறங்கியது. குடித்து முடித்து, போதும் என்பதற்குக் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுத்தாள். அவர் நகர்ந்தார். அவர் நகர்ந்த இடத்தில், நேர் எதிரே, திரும்பச் சுவரில் மாட்டிய படம் இருந்தது.

நிதால் படத்தைப் பார்த்தாள். பிறகு நகர்ந்துபோகிறவரின் கைகளைப் பார்த்தாள். மறுபடி படம்.

"அபூ தலால், ஒரு கேள்வி. யாராவது உங்களுக்கு இடது கையால கோப்பை நீட்டினா?"

"வாங்க மாட்டேன்."

"நீங்க இடது கையால வாங்குவீங்களா?"

"என்னம்மா கேள்வி இது? என் எதிரி குடுத்தாக்கூட வலது கைய ஆட்டித்தான் வேண்டாம்பேன்."

நிலப்பிரபு கையை நீட்டிக்கொண்டிருந்தார். இடது கையை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விருந்தாளி பேரீச்சம்பழத்தை வாயில் போடுகிறார், அதுவும் இடது கையால். பின்னால் ஒருவன் இடது கையை நெஞ்சில் வைத்து வணக்கம் சொல்கிறான்.

அடிமை எஜமானை அவமதித்தான், சரி. எஜமான் எதற்காக இடது கையால் அதை வாங்குகிறார்? விருந்தாளி யாரை அவமதிக்கப் பழம் தின்கிறார்? ஒரு கைக்குத்தான் அவள் கட்டுரை எழுதியிருந்தாள். மண்டபத்தில் இருந்த மற்ற கைகளை அவள் எண்ணியே பார்க்கவில்லை.

அபூ தலால் பேனாவை நீட்டினார். வலது கையால்தான் நீட்டினார். "கையெழுத்தப் போட்டுட்டீங்கன்னா சாப்பிடலாம். ஆடு வெந்துட்டிருக்கு."

"கை வரலைங்க" என்றாள் நிதால். "பார்த்தீங்கல்ல, கோப்பையே தூக்க முடியல. நாளைக்கோ மறுநாளோ வந்து போடுறேன்."

பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. அந்தத் தோள் அவளுக்கு முதல் தடவையாக உதவி செய்தது. உதவி செய்ததற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

*

"ஆட்டுக்கறிய விட்டுட்டு வந்தோம்" என்றான் சர்மத், காரைக் கிளப்பிக்கொண்டே. "நல்ல காரணம் சொல்லலன்னா நான் திரும்பிப் போயிடுவேன்."

"அந்தப் படத்துல எத்தனை பேர் இடது கைக்காரங்க?"

"ஒருத்தன். நீங்கதான் எழுதியிருக்கீங்களே, அந்தக் காப்பி…" சர்மத் நிறுத்தினான். கையடக்கக் கணினியை மடியில் வைத்து, சிக்னல் விழும்வரை பார்த்தான். பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. "எல்லாருமே."

"ஒரு மண்டபம் முழுக்க இடது கைக்காரங்க இருந்து நீ பார்த்திருக்கியா?"

"கண்ணாடியில பார்த்திருக்கேன்" என்றான் சர்மத்.

அதற்குப் பிறகு லுவைப்தா வரும்வரை அவன் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. அதுதான் நிதாலுக்குப் பயமாக இருந்தது.

ஹாஸிம் ஷத்ரியின் ஸ்லைடு பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. சர்மத் இறக்கிக் கொடுத்தான். தன் ஓவியங்களைத் தானே படமெடுத்து, அட்டைச் சட்டத்தில் பெயர் எழுதி வைக்கிற பழக்கம் ஓவியருக்கு இருந்தது. அவர் இறந்ததும் பெட்டி ஆவணகத்துக்கு வந்தது. அப்போது சர்மத் வேலைக்குச் சேரவில்லை. ஸ்கேனர் வாங்கிய புதிது. நிதால் தன்னந்தனியாக, இந்தத் தோள் நன்றாக இருந்த காலத்தில், ஒவ்வொன்றாக வைத்து எடுத்தாள்.

‘விருந்தினர் மண்டபம்’ ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள்.

ஃபிலிமுக்கு இரண்டு பக்கம். ஒன்று கண்ணாடி மாதிரி பளபளக்கும். இன்னொன்று மங்கலாக இருக்கும். சாய்த்துப் பார்த்தால் உருவங்கள் மெல்லப் புடைத்துத் தெரியும். பளபளப்புப் பக்கம் நம்மைப் பார்த்திருந்தால்தான் படம் சரியான திசையில் இருக்கும். இதைத் தெரியாதவன் ஸ்லைடைத் தொடவே கூடாது. நிதாலுக்குத் தெரியும். வருகிற மாணவர்களுக்கு முதல் பாடமே இதுதான்.

அட்டையில் ஓவியர் எழுதிய பெயர் தனக்கு நேராக வரும்படி வைத்தாள். சாய்த்தாள்.

மங்கல்.

அட்டையைத் திருப்பினாள். அந்தப் பக்கம் முழுக்க ஃபிலிம் கழுவிய கடையின் பெயர் அச்சாகியிருந்தது. எழுத இடமே இல்லை. அதனால் ஹாஸிம் ஷத்ரி எல்லா ஸ்லைடிலும் பின்பக்கம்தான் எழுதியிருக்கிறார். ஓவியரின் எழுத்து மேலே தெரிந்தால் அதுதான் முன்பக்கம் என்று நிதால் மரியாதையாக வைத்து எடுத்திருக்கிறாள். மற்ற ஸ்லைடுகளில் ஓவியத்தின் மூலையில் இருந்த கையெழுத்து வலமிடமாகத் திரும்பி வந்து காட்டிக்கொடுத்துவிட்டது, திருப்பி எடுத்துக்கொண்டாள். பெட்டியில் பழைய காலத்துப் படம் இது ஒன்றுதான். முன்பக்கம் கையெழுத்து இல்லாதது இது ஒன்றுதான்.

"அப்ப நிஜப் படத்துல…" என்று சர்மத் ஆரம்பித்தான்.

"இடது கையில கூஜா. வலது கையில கோப்பை. எல்லா வீட்டுலயும் குடுக்கிற மாதிரி."

"அடிமை? அவமதிப்பு?"

நிதாலின் கண் ஸ்லைடின் மேல் ஓரத்தில் நின்றிருந்தது. கூரை வளைவில், அந்த விரிசல். அது ஃபிலிமுக்கு உள்ளே இல்லை. மேலே இருந்தது. அட்டைச் சட்டத்தின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு, மின்விசிறிக் காற்றில் கொஞ்சம் ஆடியது.

அவள் மெல்ல ஊதினாள்.

விரிசல் எழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மேசையில் விழுந்தது. மயிர். யாருடையதோ. அநேகமாக அவளுடையது.

சர்மத் குனிந்து அதைப் பார்த்தான். "அக்கா" என்றான் தாழ்ந்த குரலில், "புரட்சி பறந்து போச்சு."

சிரிப்பு வரவில்லை. இரண்டு பேருக்குமே.

கணக்கு தானாகவே கூடிக்கொண்டது. ஸ்லைடில் ஒட்டிய மயிர் ஹாஸிம் ஷத்ரியின் ஓவியத்தில் இருக்க முடியாது. அபூ தலால் வீட்டுப் படத்தில் அது இருக்கிறது. அப்படியென்றால் அதை வரைந்தவன் ஓவியத்தையே பார்த்ததில்லை. ஆவணகத்தின் இணையதளத்தைப் பார்த்து வரைந்திருக்கிறான். அவள் செய்த தவறையும், அவள் தலைமயிரையும் சேர்த்து, உண்மையாக உழைத்து நகல் எடுத்திருக்கிறான். எந்த அளவுக்குப் பொருந்தியதோ அந்த அளவுக்குப் போலி.

"தரகர் மாஜித்துக்குப் போன் போட்டேன்" என்றான் சர்மத். "அணைச்சு வெச்சிருக்கான். அவன் இருந்த இடத்துல இப்ப அவன் செருப்புகூட இருக்காது."

"மாஜித்த விடு."

விட முடியாதது வேறு. அவள் எழுதிய தீர்ப்பு அவளுக்கே மனப்பாடமாக இருந்தது: ‘ஃபாலிஹ் லுவைபி கொண்டுவந்த ஓவியம், மூலத்தை வலமிடமாக மாற்றி வரைந்த மலிவான நகல். கூரை விரிசலைக்கூட நகலெடுத்தவர் விட்டுவிட்டார்.’ அதை எழுதியதோடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஈராக் ஓவியர்கள் எல்லோரும் கூடுவது ஃபாலிஹின் மீன்கடையில்தான். அங்கே போய், அவர் கடையில், அவர் மீனைத் தின்றுகொண்டிருந்தவர்கள் முன்னால் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னாள்: நாட்டின் சொத்தை வைத்துக் கள்ள வியாபாரம் பண்ணுகிறவன் கையால் சாப்பிடுகிறீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவரும் போகவில்லை.

சர்மத் கணினியின் முன் உட்கார்ந்தான். இணையதளத்தில் அந்தப் படத்தைத் திறந்தான்.

"ஒண்ணு சொல்லட்டுமா அக்கா? திட்டக் கூடாது. இத வலமிடமா திருப்புறதுக்கு ஒரு பட்டன். மயிர அழிக்க இன்னொரு பட்டன். ‘மேம்படுத்தப்பட்ட பதிப்பு’ன்னு போட்டுடலாம். அபூ தலாலுக்கு வேற ஏதாவது காரணம் சொல்லி, கையெழுத்துப் போடாம விட்டுடலாம். யாருக்கும் தெரியாது."

நிதாலின் கை மவுசை நோக்கிப் போனது. போனது என்பதை அவளே பார்த்தாள். ஆவணகம் போனால் பெட்டிகள் போகும். பெட்டிகள் போனால், வெந்துபோன பாக்தாத் ஸ்டுடியோக்களின் முகங்கள், எரிந்துபோன ஓவியங்களின் கடைசிச் சாட்சிகள், எல்லாம் மறுபடி குப்பைக்கு. ஒரு மீன்கடைக்காரரின் பெயருக்காக இத்தனையையுமா? நல்ல வாதம்தான். சூளை முதலாளியும் அவள் அம்மாவிடம் இப்படித்தான் பேசினான்: இத்தனை பேர் பிழைப்பு நடக்க வேண்டாமா?

மவுசைத் தொட்டதும் தோளில் சுரீர் என்றது.

"வண்டிய எடு" என்றாள். "ராபியாவுக்கு. இந்தத் தடவை சுத்திப் போகாத."

*

வியாழக்கிழமை மாலை. மற்ற கடைகளில் கூட்டம் நெரிந்தது. ஃபாலிஹின் கடையில் நாற்காலிகள் மேசைகளின் மேல் கவிழ்ந்து கிடந்தன. தொட்டியில் ஒரே ஒரு கெண்டை மீன், போக இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. விறகு அடுப்பில் தணல் மட்டும் இருந்தது.

ஃபாலிஹ் நல்ல உயரம், பெரிய உடம்பு. வருஷக்கணக்காக விறகுத் தணலோரம் மீனை நிறுத்தி வைத்து வாட்டியதில் முன்கை இரண்டிலும் மயிர் பொசுங்கிப் போயிருந்தது.

"வாங்க முத்திரையம்மா" என்றார். "என்ன, முத்திரை மங்கிப்போச்சா? இன்னொரு தடவை குத்த வந்தீங்களா?"

நிதால் பேச வாயெடுத்தாள். அதற்குள் அவள் கண் சுவரில் பட்டது.

கல்லாவுக்குப் பின்னால், எல்லோரும் பார்க்கிற இடத்தில், படம் மாட்டியிருந்தது. முகம் சுவரைப் பார்த்து, முதுகு வெளியே தெரிய. பழுப்புக் கித்தானில் ஹாஸிம் ஷத்ரியின் கையெழுத்து. அதன் மேலேயே குத்திய சிவப்பு முத்திரை: போலி.

"எதுக்கு இப்படி மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டது சர்மத்.

"வர்றவங்க எதைப் பார்க்க வர்றாங்களோ அதைத்தானே காட்டணும்? இந்தப் பக்கத்ததான் பார்த்தாங்க. அந்தப் பக்கத்த ஒருத்தரும் கேட்கல."

"திருப்புங்க" என்றாள் நிதால்.

"நீங்களே திருப்புங்க. நீங்கதானே திருப்பி வெச்சீங்க."

அவளுக்குத் தூக்கிப் போட்டது. ஸ்லைடைப் பற்றி அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் தூக்கிப் போட்டது. வலது தோளால் முடியாது. சர்மத் ஒரு பக்கம் பிடிக்க, படத்தை இறக்கித் திருப்பினாள்.

ஒல்லியான மனிதன், இடது கையில் கூஜா, வலது கையில் கோப்பை. தலை லேசாகக் குனிந்திருக்கிறது. நிலப்பிரபுவின் வலது கை நீள்கிறது. கூரையில் விரிசல் இல்லை. நாணல் நல்ல நாணலாக, உறுதியாக இருந்தது.

"தப்பு என்னோடது" என்றாள். ஸ்லைடைத் தப்பான பக்கம் வைத்து எடுத்ததையும், விரிசல் ஒரு மயிர் என்பதையும், அபூ தலால் வீட்டுப் படத்தையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. "உங்க படம்தான் நிஜம். உலகத்துல எங்க வேணாலும் விக்கலாம். நானே எழுதித் தர்றேன்."

ஃபாலிஹ் தணலைக் கிளறினார். "நான் விக்கணும்னு சொன்னேனா?"

"நீங்க… அன்னிக்கு ஆவணகத்துக்குக் கொண்டு வந்தீங்களே?"

"விலை கேட்டேனா?"

நிதால் யோசித்தாள். அன்று அவர் கோணிப்பையில் சுற்றிப் படத்தைக் கொண்டு வந்தார். மேசையில் வைத்தார். ‘பாருங்க’ என்றார். அவ்வளவுதான். விலை, வாங்குகிறவர், கமிஷன், எல்லாவற்றையும் அவளே நினைத்துக்கொண்டாள். படம் கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் விற்கத்தானே வருவார்கள்.

"கேட்கல" என்றாள்.

"என் பொண்ணு உங்க கட்டுரையப் படிச்சுக் காட்டினா. காலேஜ்ல பாடமாம். இந்த ஆள் இடது கையால கோப்பை நீட்டி எஜமான அவமானப்படுத்தினான்னு. பாப்பா கைதட்டிப் படிக்கிறா." ஃபாலிஹ் படத்தில் குனிந்து நின்ற மனிதனைக் காட்டினார். "இது யாரு தெரியுமா? லுவைபி. என் அப்பா. ஷத்ரி வாத்தியார் எங்க ஊருக்கு வந்து, நாணல் மண்டபத்துல உக்காந்து, அவர நிக்க வெச்சு வரைஞ்சாரு. முடிச்சதும் அவர் கையிலயே குடுத்துட்டாரு."

சர்மத் மெதுவாக ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"அந்த நிலப்பிரபு என் அப்பாவ செருப்பால அடிச்சிருக்கான்" என்றார் ஃபாலிஹ். "எல்லார் முன்னாடியும். அடிச்ச அன்னிக்குச் சாயங்காலமும் அவர் வலது கையாலதான் கோப்பை குடுத்தாரு. பயத்துல இல்ல. அந்த ஆளுக்குக் குடுத்த மரியாதையும் இல்ல. அது அவரோட மரியாதை. அவன் அடிச்சா இவர் ஏன் தன் கையக் கெடுத்துக்கணும்? அவர்கிட்ட இருந்தது அந்த ஒண்ணுதான். சாகற வரைக்கும் ஒரு ஆளுக்கு அவர் இடது கையால நீட்டினதில்ல. நீங்க அதையும் எடுத்துட்டீங்க. நல்லது பண்றதா நினைச்சு எடுத்துட்டீங்க. அதைச் சொல்லத்தான் படத்தத் தூக்கிட்டு வந்தேன். ‘பாருங்க’ன்னு அந்தக் கையத்தான் காட்டினேன். நீங்க படத்தப் பார்க்கல. கம்ப்யூட்டரப் பார்த்தீங்க."

தொட்டியில் மீன் ஒரு முறை நீரைத் தட்டியது.

"மன்னிச்சிடுங்க" என்றாள் நிதால்.

"எங்கிட்ட எதுக்கு? என் அப்பா எந்தக் கையால குடுத்தாருன்னு எனக்குத் தெரியாதா? நான் கள்ளன் இல்லன்னு எனக்குத் தெரியாதா?" ஃபாலிஹ் கவிழ்ந்து கிடந்த நாற்காலிகளைக் கை நீட்டிக் காட்டினார். "தெரியாதவங்க அங்க உக்காந்திருந்தாங்க. நீங்க என் காதுல வந்து சொல்லல அன்னிக்கு. எழுந்து நின்னு சொன்னீங்க."

"இப்ப எங்க கூடுறாங்க?"

"மேட்டுக் காப்பிக்கடையில. என் பழைய சமையல்காரன்தான் அங்க மீன் வாட்டுறான். நல்லாவே வாட்டுறான்."

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். இல்லை.

அவர் கெட்டிலை எடுத்தார். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி டம்ளரில் சாயாவை ஊற்றி, சர்க்கரை போட்டு, அவளிடம் நீட்டினார். வலது கையால். நிதால் வலது கையை உயர்த்தினாள். இந்தத் தடவை முழங்கையைத் தாங்கிப் பிடிக்கவில்லை. பாதி தூரத்தில் கை நின்றுவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. ஃபாலிஹ் டம்ளரைக் கீழே இறக்கிக் கொடுக்கவில்லை. அவள் கை வந்து சேரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

சர்மத் பர்ஸை எடுத்தான். "அண்ணே, அந்தத் தொட்டி மீனப் பிடிங்க. நான் காசு குடுக்கிறேன்."

"மோசூல்காரன் பர்ஸ எடுக்கிறானா?" என்றார் ஃபாலிஹ். "அப்ப நிலைமை நான் நினைச்சதவிட மோசம். வெச்சுக்கோ. வெள்ளிக்கிழமைக்குத்தான் மீன் வெட்டுவேன், ஆள் வந்தா."

வெளியே வந்து காரில் ஏறினார்கள். நிதால் பையிலிருந்து அபூ தலாலின் காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். இடது கையால் கிழிப்பது கஷ்டமாக இருந்தது. அந்தப் படம் போலி என்று அபூ தலாலிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிடலாம், கத்துவார், சிமெண்டு வியாபாரி, தாங்கிக்கொள்வார். கட்டுரையைப் பல்கலைக்கழகங்களிடமிருந்து திரும்பப் பெற வேண்டும். அதுவும் ஒரு கடிதம்தான்.

"மத்தது?" என்றான் சர்மத். சாவியைப் போட்டான், ஆனால் திருப்பவில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள்.

கண்ணாடி வழியாகக் கடை தெரிந்தது. ஃபாலிஹ் படத்தைத் தூக்கிப் பழைய ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். முகம் சுவரைப் பார்த்து, முத்திரை வெளியே தெரிய.

நிறைந்த அந்த மேட்டுக் காப்பிக்கடையில், எழுந்து நின்று, அன்றைக்குச் சொன்ன அதே சத்தத்தில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: லுவைபி வலது கையால்தான் கொடுத்தார். அவர் மகன் கள்ளன் இல்லை. தப்பு செய்தவள் நான். ஃபாலிஹுக்கு நிதால் அதைக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.